ஸினிமாவுக்குப் போன ரிவால்வர்

அந்தக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கெய்ரோ நகரத்துச் சந்தை. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிடுகிறது. கறுப்பு உடை தரித்த ஓர் ஆஜானுபாகு, வளைந்த பெரிய வாளைக் கைக்குக் கை மாற்றிச் சுழற்றிக் காட்டுகிறான். எதிரே நம் கதாநாயகன் வியர்க்க விறுவிறுக்க நிற்கிறான். பலே சண்டை ஒன்று வரப்போகிறது என்று நாம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறோம். அவனோ, கடன்காரனைக் கண்டவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவி ஒரே ஒரு தடவை சுடுகிறான். ஆள் காலி! கொட்டகை அதிர்கிறது.

1981-ல் வெளிவந்த 'ரெய்டர்ஸ் ஆப் தி லாஸ்ட் ஆர்க்' என்ற படம் அது. டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பர்க். கதாநாயகன் ஹாரிஸன் போர்டு. வாள்வீரனாக வந்தவர் டெர்ரி ரிச்சர்ட்ஸ் என்ற சண்டை நடிகர். கதையில் எழுதி வைத்திருந்தது என்னவோ சாட்டைக்கும் வாளுக்கும் நீண்ட சண்டைதான். ஆனால் டுனீஷியா தேசத்தில் படம் பிடித்துக் கொண்டிருந்தபோது ஹாரிஸன் போர்டுக்குச் சீதபேதி கண்டுவிட்டது. மணிக்கணக்காகச் சண்டை போடத் தெம்பு ஏது? 'சுட்டுவிட்டால் என்ன?' என்று யோசனை எழுந்தது, சுட்டுவிட்டார்கள். வயிற்றுக் கோளாறு ஸினிமாவுக்குச் செய்த உபகாரங்களில் இதற்கு ஈடு கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் படத்தை வீட்டில் மறுபடியும் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தபோது என் அக்காள் பிள்ளை, "மாமா, அந்தத் துப்பாக்கி நிஜமா, பொய்யா?" என்று கேட்டான். நான் பத்திரிகைக்காரன். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெரிந்துவிட்டாலோ, எழுதித் தீர்க்கும் வரையில் தூக்கம் வராது. ஆகவே இந்தக் கட்டுரை.

பதில் இதுதான்: துப்பாக்கி நிஜம். அதைவிட ஆச்சரியம், அது ஸினிமாவுக்காகப் பிறந்ததே அல்ல. யுத்தத்துக்காகப் பிறந்தது.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் ராணுவத்தாரின் கைத்துப்பாக்கி 'வெப்லி' என்ற ரிவால்வர். லட்சக் கணக்கில் ஆட்களைத் திரட்டியபோது வெப்லி போதவில்லை. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியிடம் போய் நின்றார்கள். பிரிட்டிஷாரின் .455 அங்குலத் தோட்டாவுக்கு ஏற்றபடி அந்தக் கம்பெனி ஏறக்குறைய 75,000 ரிவால்வர்களைச் செய்து கொடுத்தது. முதலில் அனுப்பிய சில ஆயிரம் துப்பாக்கிகளில் தோட்டா உருளையை மூன்று இடங்களில் பூட்டும் ஏற்பாடு இருந்தது. கைக்கடிகாரம் மாதிரி நுட்பமான வேலை! ஆனால் பதுங்கு குழியின் சேற்றுக்குக் கைக்கடிகாரம் உதவுமா? அடுத்து வந்தவற்றில் மூன்றாவது பூட்டை எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்ததுதான் நம் கதாநாயகன் படத்தில் முக்கியமாக உபயோகித்த ரிவால்வர். லண்டனில் ஸினிமாக்காரர்களுக்கு ஆயுதங்கள் வாடகைக்கு விடும் 'பாப்டி' கம்பெனியிலிருந்து அது வந்தது.

ராணுவத்துக்குப் போனபோது அதன் குழல் ஆறரை அங்குலம். படத்தில் நாம் பார்க்கும்போது நான்கு அங்குலம்தான். நடுவில் யாரோ ஒரு துப்பாக்கி ஆசாரி ரம்பத்தைப் போட்டிருக்கிறார். குழலின் நுனியிலுள்ள குறிமுனை அந்தத் துண்டோடு போய்விடுமல்லவா? ஆகையால் பிறைச் சந்திரன் மாதிரி வேறொரு முனையைச் செய்து வைத்திருக்கிறார். அவர் என்ன நினைத்து வெட்டினாரோ, பல வருஷங்களுக்குப் பிறகு அந்த வெட்டே ஒரு பெரிய இலட்சணமாகிவிட்டது!

ஏனென்றால் இப்போது அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. கதாநாயகனின் தொப்பியை அங்குலம் பிசகாமல் தைத்துக்கொள்வார்கள். தோல் சட்டையின் தையலை எண்ணுவார்கள். அவர்களிலே ஒரு பகுதியார் துப்பாக்கி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அதே யுத்தகாலத்து ஸ்மித் அண்டு வெஸ்ஸனை எங்கேயாவது தேடிப் பிடிக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் அதன் தம்பியைப் பிடிக்கிறார்கள். 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தபோது, அந்த நாட்டுச் சிப்பாய்களுக்கும் ஆட்டோமாட்டிக் பிஸ்டல் போதவில்லை. பிஸ்டலின் தோட்டாவையே போட்டுச் சுடக்கூடிய ரிவால்வரை ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் கோல்ட் கம்பெனியும் செய்தன. அதற்கு '1917 மாடல்' என்று பெயர். ஆளுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பிஸ்டல் தோட்டாவின் அடியில் விளிம்பு கிடையாது. ரிவால்வரில் போட்டால் சுட்ட பிறகு வெளியே தள்ளுவதற்குப் பிடி இல்லை. அதற்காக அரைவட்டமான ஒரு சிறு தகட்டில் மூன்று மூன்று தோட்டாக்களைச் செருகிப் போட்டார்கள். எளிய யுக்தி, ஆனால் பேஷான யுக்தி.

இந்த மாடலுக்குக் குழல் ஐந்தரை அங்குலம். ரசிகர் என்ன செய்கிறார்? படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். கைப்பிடிக் கட்டை எந்த வடிவம், குறிமுனையின் வளைவு எவ்வளவு, நீல மெருகு எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொள்கிறார். பிறகு ஓர் ஆசாரியிடம் கொடுத்து ஒன்றரை அங்குலத்தை வெட்டி எறியச் சொல்கிறார். மெருகு புதிதாக இருந்தால் கூடாதே! படத்தில் தேய்ந்த இடத்தில் இதுவும் தேய்ந்திருக்கும்படி செய்கிறார்கள். கடைசியில் அவர் கையில் இருப்பது நூறு வருஷத்துப் பழைய துப்பாக்கி. ஆனால் அதன் பழமை மட்டும் போன மாதம் செய்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. பாட்டியின் கல்யாணத்துக்கு வந்த கெட்டிப் பித்தளை அண்டாவையும் கூஜாவையும் தெருவில் வந்த பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டுப் பளபளவென்று எவர்சில்வர் வாங்கியவள் அவள். அவளுக்கு அதில் பரம திருப்தி. உங்கள் வீட்டிலும் ஒருவர் இதைச் செய்திருப்பார். அத்தையாவது பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கினாள். இவர்கள் பழசைக் கெடுத்து வேறொரு பழசை வாங்குகிறார்கள்!

ஆனால் ரசிகர்களை மட்டும் கோபித்துப் பயன் இல்லை. வழி காட்டியதே ஸினிமாதான். ஸினிமாவுக்கு வேண்டியது உண்மையல்ல. உண்மை மாதிரி தோன்றுவது. ஹாலிவுட்டின் குதிரைப்படைக் கதைகளில் 1873-ம் வருஷத்து வின்செஸ்டர் துப்பாக்கி வரவேண்டிய இடத்திலெல்லாம் 1892-ம் வருஷத்து மாடல்தான் வரும். விலை மலிவு, கிடைப்பதும் சுலபம். இன்னும் பழைய காலத்துக் கதையானால், அதே 1892 மாடலின் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, உடம்புக்குப் பித்தளை வர்ணம் பூசி, உள்நாட்டு யுத்தகாலத்து 'ஹென்றி' துப்பாக்கி என்று கொடுத்துவிடுவார்கள். பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ராணுவத் துப்பாக்கிக்குச் சிக்கிமுக்கிக் கல் வைத்த பொய்க் குதிரையை மாட்டி, நூறு வருஷம் முன்னே தள்ளி நிறுத்தியதும் உண்டு. நம் நாடகக் கொட்டகையில் ஒரே கிரீடத்தை மத்தியானம் துரியோதனனுக்கும் ராத்திரி இராவணனுக்கும் வைத்தார்களே, அது மாதிரி.

இதில் மிகவும் ருசியான சங்கதி 1966-ல் வந்த 'தி குட், தி பேட் அண்டு தி அக்லி' என்ற இத்தாலியப் படம். கிளிண்ட் ஈஸ்ட்வுட் அதில் வைத்திருப்பது 1851-ம் வருஷத்து கோல்ட் நேவி ரிவால்வர். கைப்பிடியில் வெள்ளியில் இழைத்த ஒரு பாம்பு. கதை நடப்பது 1862-ல். அந்தக் காலத்தில் இந்த ரிவால்வருக்கு மருந்தைத் தனியாகக் கொட்டி, குண்டைத் தனியாகத் திணித்து, பின்னால் கேப் வைக்க வேண்டும். ஈஸ்ட்வுட்டோ ஜம்மென்று உலோகத் தோட்டாவைப் போடுகிறார்! பின்பக்கம் வழியாகத் தோட்டா போடும்படி உருளையைத் துளைப்பதற்கு 1855-ல் ரோலின் ஒயிட் என்பவர் பேடண்ட் வாங்கிவிட்டார். அந்த உரிமை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியிடம் இருந்தது. 1869-ல் அது காலாவதியான பிறகுதான் கோல்ட் கம்பெனியார் தங்கள் பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஆக, கதாநாயகன் கையில் இருந்தது பல வருஷம் கழித்து வரவேண்டிய துப்பாக்கி.

டைரக்டர் ஸெர்ஜியோ லியோனே சரித்திரம் தெரியாதவர் அல்ல. படம் பிடிக்கும் இடத்தில் ஒவ்வொரு சூட்டுக்கும் மருந்து இடித்துக் கொண்டிருந்தால் சூரியன் அஸ்தமித்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். இன்று இத்தாலியில் செய்யும் புத்தம் புதிய நகல் ரிவால்வர்கள், அந்தப் பாம்புக் கைப்பிடி சகிதமாக, அமெரிக்கக் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. ஸினிமாவின் பொய், சரித்திரத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டது. எனக்கு இதில் வருத்தம் கிடையாது. புது இரும்பை எப்படி வேண்டுமானாலும் வெட்டட்டும், துளைக்கட்டும், பாம்பல்ல, பல்லியைக்கூட இழைக்கட்டும். பழைய இரும்பைத் தொடும்போதுதான் மனசு கேட்கவில்லை.

இந்தக் குதிரைக்காரப் படங்களின் காற்று நம் பக்கமும் அடித்தது. டைரக்டர் கர்ணன் 1972-ல் ஜெய்சங்கரை வைத்து 'கங்கா', 'ஜக்கம்மா' என்று எடுத்தாரே! அந்தப் படங்களின் துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்று விசாரிக்க எனக்கு ஆசை. அது வேறொரு கட்டுரை. கோடம்பாக்கத்தில் படச் சாமான் வாடகைக்கு விடும் கடை ஒன்றை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அலமாரி நிறையத் துப்பாக்கி. எடுத்துப் பார்த்தால் மரம், கறுப்பு வர்ணம். பஞ்சு மாதிரி கனமே இல்லை. "கனத்தை நடிகர்தான் ஸார் நடிக்கணும்" என்றார் கடைக்காரர். அப்போது வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன். இந்த விஷயத்தைப் படித்த பிறகு, மரத் துப்பாக்கியின் பெருமை எனக்கு நன்றாக விளங்குகிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஸினிமாவில் சுடுவதற்கு வெற்றுத் தோட்டா என்று ஒன்று உண்டு. மருந்து இருக்கும், குண்டு இருக்காது. தீபாவளிக் கேப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட்டில் 'ஐந்துக்கு ஒன்று' என்று பெயர் பெற்ற ஒரு வெற்றுத் தோட்டா இருந்தது. மூன்று அளவு ரிவால்வருக்கும் இரண்டு அளவு ரைபிளுக்கும் அது ஒன்றே போதும். எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்ற குழப்பமே கிடையாது. இதைத் தவிர பொம்மைத் தோட்டா என்று ஒன்று: குண்டு இருக்கும், மருந்து இருக்காது. காமிராவுக்கு அருகே காட்டுவதற்கு அது. மூன்றாவது, நிஜத் தோட்டா. அது படப்பிடிப்பு நடக்கும் ஊர் எல்லைக்குள்ளேயே வரக்கூடாது. இந்த மூன்றும் பிரிந்திருக்கும் வரையில்தான் ஸினிமா ஸினிமாவாக இருக்கும்.

பிரியாமல் போனால் என்ன ஆகும்? 1993 மார்ச் 31-ந் தேதி, அமெரிக்காவில் வில்மிங்டன் என்ற ஊரில் 'தி க்ரோ' படத்துக்காகப் படப்பிடிப்பு. ப்ரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, வயது 28, கதாநாயகன். நிஜத் தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டி, பொம்மைத் தோட்டா என்று தயார் செய்திருக்கிறார்கள். மருந்து போயிற்று, அடியிலுள்ள கேப் போகவில்லை. விசையை இழுத்தபோது அந்தச் சிறு கேப்பின் வேகத்தில் குண்டு கிளம்பிக் குழலின் நடுவில் சிக்கிக்கொண்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. பிற்பாடு அதே ரிவால்வரில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். சிக்கியிருந்த குண்டு, வெற்று மருந்தின் பலத்தில், நிஜக் குண்டாகவே பாய்ந்தது. அவர் பிழைக்கவில்லை. பாருங்கள், அந்த இடத்தில் முழு நிஜத் தோட்டா ஒன்றுகூட இல்லை. இரண்டு பொய்த் தோட்டாக்கள் சேர்ந்து ஓர் உயிரைக் குடித்துவிட்டன.

அதற்கு ஒன்பது வருஷம் முன்பு, 1984-ல், ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற 26 வயது நடிகர், படப்பிடிப்பு தாமதமாகிறதே என்று விளையாட்டாக ஒரு ரிவால்வரைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்துச் சுட்டுக்கொண்டார். உள்ளே வெற்றுத் தோட்டாதான். ஆனால் அடைப்பும் காற்றும் அவ்வளவு அருகில் குண்டுக்குச் சமானம். ஆறாம் நாள் அவர் காலமானார்.

2021 அக்டோபர் 21-ந் தேதி நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' என்ற குதிரைக்காரப் படம். நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்தது பழைய கோல்ட் ரிவால்வரின் அச்சான இத்தாலிய நகல். வெற்றுத் தோட்டாவும் அல்ல, பொம்மைத் தோட்டாவும் அல்ல. நிஜத் தோட்டாவே உள்ளே இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் என்ற 42 வயதுப் பெண்மணி மாண்டார். டைரக்டர் ஜோயல் ஸூஸா காயமடைந்தார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு 2024-ல் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பால்ட்வின் மீதிருந்த வழக்கை அதே வருஷம் கோர்ட்டு தள்ளிவிட்டது.

இப்போது நம் ரசிகர்களிடம் திரும்பி வருவோம். ஸினிமாக்காரர் துப்பாக்கியை வெட்டுவது காட்டுவதற்கு. இவர்கள் வெட்டுவது காட்டுவதற்கும், நிஜத் தோட்டா போட்டுச் சுடுவதற்கும். சுடுகிற மைதானத்துக்குப் போய்க் காகிதக் குறியை மாட்டிச் சுட்டுப் பார்க்கிறார்கள். படத்தில் ஒரு கையால் அநாயாசமாக நீட்டிய அந்த ரிவால்வர் ஏறக்குறைய ஒரு கிலோ கனம். விசையை ஒரே இழுப்பில் இழுத்துக் குதிரையை எழுப்பிச் சுடுவதற்கு விரலில் நல்ல வலு வேண்டும். குறிமுனையோ மெல்லிய தகடு. குழலைக் குட்டையாக்கியதால் பின் குறிக்கும் முன் குறிக்கும் இடைவெளியும் குறைந்துவிட்டது. சிறு கை நடுக்கம்கூடப் பெரிய தவறாகக் காகிதத்தில் விழும். குதிரையை உள்ளங்கையால் விசிறி மாதிரி தட்டித் தட்டிச் சுடுவார்களே சினிமாவில், அதை நிஜ ரிவால்வரில் செய்தால் உள்ளே இருக்கும் நுட்பமான பாகங்கள் சீக்கிரம் நாசமாகிவிடும்.

இதெல்லாம் போகட்டும், ஆபத்து எங்கே என்றால் பழைய இரும்பிலேயே. ஒரு உதாரணம். அதே கதாநாயகன் 1989-ல் வந்த மூன்றாவது படத்தில் வெப்லி ரிவால்வர் வைத்திருந்தார். வெப்லியின் பழைய .455 தோட்டா அமெரிக்காவில் கிடைப்பது அருமை. ஆகவே முன்பே பல வெப்லிகளின் உருளையைப் பின்பக்கம் கொஞ்சம் சீவி, பிஸ்டல் தோட்டா போகும்படி மாற்றி விற்றிருக்கிறார்கள். தோட்டா அழகாகப் பொருந்தும். ஆனால் பிஸ்டல் தோட்டாவின் அழுத்தம், வெப்லியைத் தொழிற்சாலையில் சோதித்துத் தேறவைத்த அழுத்தத்தையே தாண்டிவிடும்! பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. பதினோராவது தடவைக்கு யார் ஜாமீன்? பொருந்துகிறது என்பதனால் தகும் என்று ஆகிவிடுமா? விஷயம் தெரிந்த ஆசாரிகள் இப்படிச் சீவிய வெப்லியைக் கண்டால் சுட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த ஆசை எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரி நிறைவேறுவதில்லை. பிரிட்டனில் 1997 முதல் தனிமனிதர் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முழுவதும் தடை. ஜப்பானில் இந்தப் பைத்தியம் வேறு வழியில் போயிற்று: சுடவே சுடாத மாடல் துப்பாக்கிகளை அவர்கள் மிகவும் நுட்பமாகச் செய்கிறார்கள். நம் தேசத்திலோ 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் கேட்பதோடு நிற்கவில்லை. குழலைக் குட்டையாக வெட்டவும், பொய்த் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றவும் தனி லைசென்ஸ் வேண்டும் என்று ஒரு பிரிவையே வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் ஸினிமா ரசிகரை மனசில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அச்சாகப் பொருந்துகிறது!

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹாரிஸன் போர்டே வைத்திருந்த விண்வெளித் துப்பாக்கி, உண்மையில் ஜெர்மானிய மௌஸர் பிஸ்டல். அதன் தலையில் ஒரு தூரதரிசினிக் குழாயை மாட்டி, மூக்கில் வேறோர் உறுப்பைச் சேர்த்ததும் அந்த பாப்டி கம்பெனிதான். அந்தப் படத்துக்காகச் செய்த துப்பாக்கிகளில் ஒன்று 2022-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்து 10,57,500 டாலருக்குப் போயிற்று. வெட்டாத, ஒட்டாத சாதாரண மௌஸர் அதில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெறாது. ஆக, ஸினிமா தொட்ட காயத்துக்கு விலை உண்டு. ரசிகர் தம் வீட்டில் செய்துகொள்ளும் காயத்துக்கு விலை இல்லை. அசல் மெருகும் அசல் குழலும் உள்ள 1917 மாடலைத் தேடும் சேகரிப்பாளர், வெட்டியதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொன்று சொல்ல விட்டுப் போயிற்று. அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த அந்த 1917 மாடலின் குழலுக்கு அடியில் 'அமெரிக்க அரசாங்கத்தின் சொத்து' என்று பொறித்திருக்கும்; கைப்பிடியின் அடியில் எண் இருக்கும். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வராக இருந்தால், எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, அது எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிற்று, யாருக்குப் போயிற்று என்று கடிதம் அனுப்புகிறார்கள். கிட்டத்தட்ட ஜாதகம்தான். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

ரம்பம் போட்ட பிறகு ஆசாரியின் மேஜையில் ஒன்றரை அங்குலத் துண்டு ஒன்று மிஞ்சும். படத்தில் இல்லாத பாகம், யாருக்கும் வேண்டாம். அதன் மேல்தான் குறிமுனை இருக்கிறது. 1918-ல், பிரான்ஸிலே ஏதோ ஒரு பதுங்கு குழியில், இன்ன ஊர்க்காரன் என்று தெரியாத எவனோ ஒருவன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த முனை வழியாகத்தான் எதிரே பார்த்திருப்பான்.